ஒரு பக்கம் நின்று எழுதச் சொன்னார்கள்

1

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. டீச்சர் அதை என் மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். நல்ல மதிப்பெண் வாங்கிய தாளை யாரும் கவிழ்த்து வைப்பதில்லை. நான் படித்த ஆந்திராவின் சத்தியவேடு பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், இங்கே கனடாவிலும் அப்படித்தான்.

திருப்பிப் பார்த்தேன். பச்சை மை. சிவப்பு மையில் திருத்தினால் மாணவர்கள் மனம் நோகுமாம், அதனால் பச்சை. நோகிற மனம் எந்த நிறத்துக்கும் நோகத்தான் செய்கிறது. முதல் பத்தியை மொத்தமாக அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தார்: “தவறு என்று நீங்களே நினைத்தால், ஏன் எழுதுகிறீர்கள்?”

நான் அப்படி என்ன எழுதிவிட்டேன்? “அறிந்தவர்கள் இருக்கும் இடத்தில் நான் பேசுவது சரியில்லை. தவறு இருந்தால் மன்னிக்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கிற எவரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதிலும் நாங்கள் காலனி ஆட்கள். ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் திமிரு என்பார்கள். என் நைனா, அதாவது அப்பா, தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் தண்ணிக்குழாய் கேட்டபோதுகூட இப்படி ஆரம்பித்துத்தான் கேட்டார். எனக்கு அது மரியாதை. டீச்சருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

இரண்டாவது பத்தியில், பாடமாக வைத்த சிறுகதையின் ஆசிரியரது நடையழகைப் பாராட்டியிருந்தேன். “பாராட்ட வேண்டாம், வாதாடுங்கள்.” அதற்கடுத்து ஒன்றரைப் பக்கத்துக்குக் கதையைச் சொல்லியிருந்தேன். “கதை எனக்குத் தெரியும்.” கடைசியில், இக்கதையால் நாம் அறியும் நீதி யாதெனில் என்று முடித்திருந்தேன். அதன் கீழே இரண்டு கோடு போட்டு ஒரு கேள்வி: “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் இந்தப் பெண்தான், அதையும் தாளில் பச்சை மையில் கேட்கிறாள் என்று தோன்றியது. இரண்டு வாரத்தில் திரும்ப எழுதிக் கொடுக்க ஒரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் பாடம் போச்சு. பாடம் போனால் வரப்போகிற வேலையும் போச்சு.

2

இந்த வயதில் உனக்கெதற்கு கட்டுரை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் இங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர். மூக்குத் துடைப்பது, பால் கொடுப்பது, குளிருக்குக் கையுறை மாட்டிவிடுவது, தட்டித் தூங்கவைப்பது எல்லாம் செய்யலாம். ஆனால் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்துப் பாடம் நடத்தக் கூடாது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். இந்தச் செப்டம்பரில் ஒரு வகுப்பறை காலியாகிறது, உனக்கே தருகிறேன், சான்றிதழோடு வா என்று காப்பகத் தலைவி சொன்னார். எட்டு வருஷமாக நான் ஆசைப்பட்ட அறை அது. ஜன்னல் பக்கம் ஒரு மேப்பிள் மரம்கூட இருக்கிறது.

என்னிடம் பட்டம் இல்லாமல் இல்லை. திருப்பதியில் விடுதியில் தங்கிப் படித்து வாங்கிய பி.ஏ. இருக்கிறது. அதைச் சரிபார்க்கிற அலுவலகம், பல்கலைக்கழகமே முத்திரை வைத்த உறையில் மதிப்பெண் பட்டியலை நேராக அனுப்ப வேண்டும் என்றது. வடமாலபேட்டையில் இருக்கும் என் சித்தி மகன் நாலு தடவை பஸ் ஏறித் திருப்பதிக்கு அலைந்து அதை வாங்கினான். வாங்கினவன் சும்மா அனுப்பியிருக்கக் கூடாதா? பேரில் எழுத்துப் பிழை ஏதாவது இருந்து அக்காவுக்குத் தொல்லையாகிவிடுமே என்று உறையைப் பிரித்துப் பார்த்து, சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டி அனுப்பினான். பிரித்த உறை செல்லாது என்று இங்கே திருப்பிவிட்டார்கள். அவனைத் திட்ட மனம் வரவில்லை. மறுபடியும் அலைந்தான். இரண்டாம் உறை செல்லுபடியானது. ஆனால் பட்டம் சரி, ஆங்கிலத் தாள் போதாது, ஒரு பாடம் எழுது என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பாடத்தின் கடைசிக் கட்டுரைதான் இது.

அந்தக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலையடிவாரப் பண்ணை. தாய் செத்துப் போகிறாள். மூத்த மகள் பள்ளியிலேயே முதல் மாணவி. ஒரு நாள் காலையில் அவள் புத்தகத்தை மூடித் தம்பியிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். தம்பி வளர்ந்து பெரிய டாக்டர் ஆகிறான். வருஷங்கள் கழித்து ஊர் அவனுக்கு விருந்து வைக்கிறது. அவன் எழுந்து நின்று, என் அக்கா ஒரு தெய்வம் என்கிறான். உள்ளே ரொட்டி அறுத்துக்கொண்டிருக்கும் அவள் அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். கதை அவ்வளவுதான். கேள்வி: மூத்தவள் செய்தது தியாகமா, அவளுக்கு நடந்தது அநியாயமா? ஒரு பக்கம் நின்று வாதிடுக.

ஒரு பக்கம் நிற்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் ஐந்தாவது வரை தமிழிலும் ஆறாவதிலிருந்து தெலுங்கிலும் படித்தவள். இரண்டிலும் கட்டுரை என்றால் ஒன்றுதான். நோட்ஸில் இருப்பதை மனப்பாடம் செய்து, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புக்கு அடிக்கோடிட்டு எழுத வேண்டும். பாடப்புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பிள்ளைகள் நாங்கள். கண்ணில் ஒற்றிக்கொண்ட புத்தகத்தோடு போய் எப்படிச் சண்டை போடுவது?

3

என் மகள் மேகாவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். இங்கே ஆறு வயதிலேயே, நாய் நல்லதா பூனை நல்லதா, மூன்று காரணம் சொல் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அவளுக்கு எப்போதும் மூன்று காரணம் இருக்கும். கோயிலுக்கு வரமாட்டேன் என்பதற்கு மூன்று, ஊருக்கு வரமாட்டேன் என்பதற்கு மூன்று. நானும் என் கணவரும் ஒரே காரணத்தை மூன்று தடவை சத்தமாகச் சொல்லித் தோற்போம்.

கட்டுரையை வாங்கிப் படித்தாள். சிரிக்கவில்லை, அதற்காக அவளை மெச்ச வேண்டும். “யார் பக்கம்மா நீ?” என்று கேட்டாள். தியாகத்தின் பக்கம் என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவள் தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள், எனவே அவள் சொன்னதை நானே சொல்கிறேன். ஒரு பெண்ணின் படிப்பைப் பிடுங்கிக்கொண்டு அதற்குத் தியாகம் என்று பேர் வைத்தால் பிடுங்கினவர்களுக்குச் சௌகரியம். அந்தத் தம்பி விருந்தில் பேசுவதே அசிங்கம். அவன் டாக்டரானது அவள் தலைமேல் ஏறி நின்று. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. தாளில் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, காரணம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியும் கொடுத்தாள்.

எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா போயிருந்தால் நானும் அதையே காப்பியடித்துக் கொடுத்துத் தேறியிருப்பேன். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். “உன் சிஸ்டருக்கும் இதேதானே பண்ணாங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்ன விஷயத்துக்குக்கூட இல்லை. பெரியம்மா என்று சொல்லவில்லை பாருங்கள், உன் சிஸ்டர் என்றாள். பிறந்த பிறகு மூன்றே தடவை பார்த்த பெரியம்மா அவளுக்கு யாரோ ஒருத்தி. ஒவ்வொரு தடவையும் அவளுக்காகக் காலையில் முதல் பஸ் பிடித்துச் சென்னை விமான நிலையத்துக்கு வந்து நின்ற பெரியம்மா. நான் கத்தினேன். என் அக்காவைப் பற்றி உனக்கு என்ன தெரியும், அவள் அநியாயம் பண்ணப்பட்டவள் இல்லை, அவள் செய்தது தியாகம், அதை ஒரு கட்டத்துக்குள் போட்டு அம்பு விடாதே என்றேன். மேகா தோளைக் குலுக்கினாள். “அப்ப அதை எழுதும்மா,” என்றாள்.

எழுதினேன். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, யாரையும் பாராட்டவில்லை. மூத்தவள் செய்தது தியாகமே, எனக்கு அது எப்படித் தெரியும் என்றால் எனக்கே அப்படி ஒரு அக்கா இருக்கிறாள் என்று ஆரம்பித்தேன். என் ஆங்கிலம் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

4

என் அக்கா பெயர் தேசம்மா. எங்கள் பக்கத்து அம்மன் பெயர். காலனியில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள்.

கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் கவிழ்ந்து நைனாவின் இடுப்பு உடைந்தபோது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதிமூன்று. நைனா படுத்துவிட்டார். அம்மா ஒருத்தி கூலியில் நாலு வயிறு. அக்கா எட்டாவதோடு நின்றாள். கரும்பு வெட்டினாள், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கினாள், செங்கல் சுமந்தாள். நான் பத்தாவது தேறித் திருப்பதி விடுதிக்குப் போனபோது என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள்தான் கூட வந்தாள். விடுதி வாசலில் காவல்காரர் பொண்ணுங்க மட்டும் உள்ளே போகலாம் என்றார். அவளும் பொண்ணுதான். ஆனால் அவர் சொன்ன பொண்ணு படிக்கிற பொண்ணு என்று அவளுக்கே புரிந்து, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

வீட்டில் இதற்கு ஒரு கதை இருந்தது. “தேசம்மாவுக்குப் படிப்பு ஏறல. அதுவே நின்னுடுச்சி.” அம்மா சொல்வாள், நைனா சொல்வார், சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் கொஞ்சம் படித்த பிறகு அந்தக் கதையை மாற்றிக்கொண்டேன். படிப்பு ஏறாமல் இல்லை, எங்களுக்காக நின்றாள். கல்யாணமாகி, அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, எல்லோரும் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அந்தக் காலத்தில் நாங்களும் இங்கே கிளம்பி வந்த பிறகு, அந்தக் கதை இன்னும் பெரிதாகிவிட்டது. வீட்டுக்கு வருகிற சிநேகிதர்களிடம் நானே கண் கலங்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா இப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்த தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். அவள் கரும்பு வெட்டிய நிலத்தில்தான் அந்தக் கம்பெனி நிற்கிறது. நிலம் எங்களுடையதாக இருந்ததில்லை, அதனால் விற்கவும் எங்களிடம் ஒன்றுமில்லை. ஆனால் வேலை வந்தது. தலையில் பிளாஸ்டிக் தொப்பி, நீலச் சட்டை, வாசலுக்கே வரும் வேன். கணவர் இறந்துபோய்விட்டார். இரண்டு பிள்ளைகளையும் பாலிடெக்னிக் படிக்கவைத்துச் சொந்தக் காலில் நிற்கவைத்துவிட்டாள். இதையெல்லாம் கட்டுரையில் எழுதினேன். வகுப்பில் டீச்சர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இப்போதுதான் இதில் ஒரு ஆள் பேசுகிறாள், இதையே சுத்தமாக எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்குப் போன் செய்வது எங்கள் வழக்கம். அங்கே சாயங்காலம். அன்றைக்குக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே கூப்பிட்டேன். பெருமை, வேறென்ன. உன்னைப் பற்றி இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன், வெள்ளைக்கார டீச்சர் பாராட்டினார் என்று சொல்லிவிட்டு முதலில் அந்தப் பண்ணைக் கதையைச் சொன்னேன். பிறகு என் கட்டுரையை வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

அவள் பூண்டு உரித்துக்கொண்டு கேட்டாள். வீடியோவில் கை தெரிந்தது, முகம் பாதிதான் தெரிந்தது. நான் முடித்த பிறகும் உரித்துக்கொண்டே இருந்தாள். நல்லா இருக்கா என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ண யார்னா கேட்டாங்களா?” என்றாள்.

எந்தப் பொண்ணு என்றேன்.

“அதான்மே, கதையில வர்ற பொண்ணு. படிக்கிறியா நிக்கிறியான்னு அத்த யார்னா கேட்டாங்களா? இல்ல அதுவே போய் அடுப்பாண்ட குந்திக்கினுச்சா?”

நான் புத்தகத்தைப் புரட்டினேன். தாய் சாகிறாள், ஒரு வரி விட்டு, அவள் புத்தகத்தை மூடினாள் என்று வருகிறது. நடுவில் எதுவும் இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது அக்கா, கதாசிரியர் எழுதவில்லை என்றேன்.

“என்னையும் கேக்கல,” என்றாள்.

பிறகு அவள் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை அப்படியே சொல்கிறேன். நைனா படுத்த அந்த மாசத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலனிக்குள் வாத்தியார் வருவது அப்போது பெரிய விஷயம். அவர் வந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார்கள், அவர் மிச்சம் வைத்ததை நான் குடித்தேன். அவர் எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பெண்ணை நிறுத்தாதீர்கள், விடுதியில் சேர்த்துவிடுகிறேன், சாப்பாடு துணி எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்று சொல்ல வந்திருக்கிறார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. வயசுக்கு வந்த பெண்ணைப் பற்றி யார் எதைப் பேச வந்தாலும் பெண் கதவுக்குப் பின்னால் நிற்பாள். அவளுக்குப் பதிலாகத் தாய்மாமன் பேசுவார். கல்யாணப் பேச்சானாலும் சண்டையானாலும் அதுதான் முறை. பொண்ணுக்குச் சம்மதமா என்று கேட்பது மாமனைப் பார்த்து. சம்மதம் என்று சொல்வதும் மாமன்தான். அது அவருடைய உரிமை, அதில் அவருக்கு மரியாதை. மாமன் வெற்றிலையைக் கையில் எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அக்கா அந்த வருஷம்தான் வயசுக்கு வந்திருந்தாள். சார் கேட்டார். மாமா, “பொண்ணுக்கே இஷ்டமில்ல சார்” என்றார். வெற்றிலையை எடுத்தார். சார் எழுந்து போனார்.

“நான் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன்,” என்றாள் அக்கா. “சாருக்கு என் கால்கூடத் தெரிஞ்சிருக்கும்.”

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரிடம் சொல்வது என்றாள். மாமா கெட்டவர் இல்லை, நைனாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் அவர்தான், அரிசி கொண்டுவந்து போட்டவரும் அவர்தான், அவரை ஏன் குறை சொல்வது என்றாள்.

நான் அவசரப்பட்டேன். அப்படியென்றால் மேகா சொன்னதுதான் சரி, உனக்கு நடந்தது அநியாயம், கட்டுரையை மாற்றி எழுதிவிடுகிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் அக்கா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

“மாத்தி எழுதுவியா? அப்ப என் புள்ளைங்க இன்னா, அநியாயத்துல பொறந்துச்சிங்களா? கேன்டீன்ல நூறு பேருக்கு நான் சாம்பார் வெச்சி ஊத்துறேன். ஒருத்தன் ஒரு நாளு கொற சொன்னதில்ல. அதுவும் அநியாயமா? இங்க பாரு சுமதி. அன்னிக்கு எனக்குப் பதிலு மாமா பேசுனாரு. இன்னிக்கு நீ பேசிக்கினு கீற. அவரு இஷ்டமில்லன்னாரு, நீ தியாகம்ன்ற, உன் பொண்ணு அநியாயம்ன்றா. எல்லாரும் நல்லவங்கதான். நான் இன்னும் கதவாண்டயே நின்னுகினு கீறேன்.”

அவள் குரல் உயரவில்லை. வீடியோவில் இப்போது முழு முகமும் தெரிந்தது. நான்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். கையிலிருந்த கட்டுரையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்புறம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “அன்னைக்கு உன்னைக் கேட்டிருந்தா என்னக்கா சொல்லியிருப்ப?”

அவள் யோசித்தாள்.

“அத்த எங்கிட்ட கேட்டா எப்பிடி? பதிமூணு வயசுப் பொண்ணக் கேட்டிருக்கணும். அவ இப்ப எங்க கீறா?”

தாளிக்கணும், வைக்கறேன் என்றாள்.

6

அந்த வாரம் முழுக்க என்னால் எழுத முடியவில்லை. காப்பகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இங்கே எதற்கெடுத்தாலும் கேட்பார்கள்: சிவப்புக் கிண்ணமா, நீலக் கிண்ணமா? ஆப்பிளா, பேரிக்காயா? ஆரம்பத்தில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கொடுத்ததைத் தின்னாமல் என்ன கேள்வி என்று நினைப்பேன். அந்த வாரம் ஒரு சின்னப் பெண், இரண்டு கிண்ணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றக் குழந்தைகள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். அவசரப்படுத்த மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மேகாவை உட்காரவைத்து அக்கா சொன்னதைச் சொன்னேன். அவளிடம் மூன்று காரணம் எதுவும் வரவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, நான் பெரியம்மாகிட்ட சாரி சொல்லணுமா என்று கேட்டாள். பெரியம்மா என்றுதான் சொன்னாள். நான் அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. சாரியெல்லாம் வேண்டாம், முடிந்தால் ஒரு நாள் நீயாகப் போன் செய்து பேசு என்றேன். தமிழ் சரியா வராதே என்றாள். வந்தவரைக்கும் பேசு, அவளுக்குக் கேட்கத் தெரியும் என்றேன்.

கட்டுரையில் அக்கா இருந்த பத்திகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவை போனதும் கட்டுரை பாதியாகிவிட்டது. மிச்சமிருந்ததில் புதிதாக எழுதினேன். இந்தக் கதையில் மூத்தவளை யாரும் கேட்கவில்லை. தகப்பன் கேட்கவில்லை, தம்பி கேட்கவில்லை, கதாசிரியரும் கேட்கவில்லை. தாய் செத்த வரிக்கும் புத்தகம் மூடிய வரிக்கும் நடுவில் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும், அது இல்லை. அது இல்லாதபோது தியாகம் என்பதும் அநியாயம் என்பதும் அவளுக்குப் பதிலாக நாம் பேசுகிற பேச்சு. கடைசியில் அவள் சிரிக்கிறாள் என்று கதாசிரியர் எழுதுகிறார், ஏன் சிரிக்கிறாள் என்பதைக்கூட அவரே முடிவு செய்துவிட்டார். அதனால் நான் இந்தக் கதாசிரியருக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த அக்காவின் பகுதிதான் உங்கள் பலமான சாட்சி, அதை ஏன் எடுத்தீர்கள், மதிப்பெண் குறையுமே என்றார். அது என்னுடைய சாட்சி இல்லை, அவளுடையது, அவள் கொடுக்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். தேறிவிட்டேன். பிரமாதமாக இல்லை, தேறினேன். செப்டம்பரில் அந்த அறை எனக்குத்தான்.

இந்தச் செய்தியைச் சொல்ல அடுத்த ஞாயிறு அக்காவைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். கோபமான அந்தப் பேச்சு நடந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த பெரிய மகனிடம், உங்க சித்தி டீச்சராயிட்டா என்று கத்தினாள். இவ்வளவு வருஷமாக இவளிடம் எதையெல்லாமோ கேட்டு வாங்கியிருக்கிறேன். பேனா, பாவாடை, விடுதிக்கு ஊறுகாய், மேகா பிறந்தபோது பிள்ளைப்பேற்று மருந்து. எப்போதும் எனக்கு வேண்டியதைத்தான் கேட்டேன்.

“உனக்கு இப்ப என்னக்கா வேணும்?” என்றேன்.

ஒன்றும் வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அதுதான் அவள் வழக்கம். ஆனால் அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே எங்கோ பார்த்தாள். தொப்பி போட்டுப் போட்டு அவள் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருந்தது. அதை விரலால் தேய்த்துக்கொண்டாள்.

“யோசிச்சிச் சொல்றேன்,” என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.